மூக்குத்திக்கு ராசி பார்த்த கதை

“வெளிச்சத்துக்குத் திரும்புடி” என்று சொல்லி, மில் வீட்டம்மா என் முகவாயைத் திருப்பினார்.

விரலால் அல்ல. கையிலிருந்த பனை விசிறியின் காம்பால். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவன்கூட வெறுங்கையால்தான் வாயைப் பிடித்துத் திறப்பான். எனக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

அது அந்த வீட்டின் பின்கட்டு. பக்கத்திலேயே நெல் மில். அவித்த நெல்லின் வாசனை சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகையை அந்த வீட்டில் வைக்க வேண்டும், அதையும் கொல்லைப் பக்கமாகப் போய் வைக்க வேண்டும். என் நைனா ஏழுமலை அந்த மில்லில் மூட்டை தூக்கினார். நாங்கள் குடியிருந்த மனையும் மில்காரருடையது. அதனால் நைனா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அம்மா வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு தட்டை ஏந்திக்கொண்டிருந்தாள். தட்டின் நடுவில் என் கல்யாணப் பத்திரிகை. மில் வீட்டம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடி இது, கண்ணாடியா?”

“இல்லீங்கம்மா. வைரம்.”

“யாரு வாங்கிக் குடுத்தாங்க?”

“நானே வாங்கிக்கினேன்.”

அவருடைய இடது கை மெல்ல மேலே போய், அவர் போட்டிருந்த மூக்குத்தியைத் தொட்டது. தொட்டு, அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தது. வம்பு வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடருக்கு மேலே போடுகிற என் கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். “இத்தனை பெரிய வைர மூக்குத்தி போட்டவருக்கு, கூலிக்காரர்களின் கஷ்டத்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை?” என்று கேட்கிறார்.

படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. குறைக்கிற உத்தேசமும் இல்லை.

அம்மணி, அந்தக் கல் பெரிய கல் அல்ல. பெரிதாகத் தெரிகிற கல். உங்களைப் போலவே மில் வீட்டம்மாவுக்கும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் என் கல்யாணம் நின்றுபோகவில்லைதான். ஆனால் எங்கள் குடும்பம் தெருவுக்கு வந்தது.

ஈர்க்குச்சி

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அறுபதுகளில், கவரைப்பேட்டைக்குக் கிழக்கே எங்கள் ஊரில், என் அம்மா மில் களத்தில் நெல் காயவைக்கும் வேலை செய்தாள். நாள் முழுக்க வெயிலில் நடந்து, காலாலேயே நெல்லைக் கிளறிவிட வேண்டும். பொழுது சாயும்போது பாதம் வெந்த கிழங்கு மாதிரி இருக்கும்.

அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே மூக்குக் குத்தியாகிவிட்டது. போடத்தான் ஒன்றும் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்துச் செருகியிருப்பாள். எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தங்கம் வாங்கும் நாள் வரும் என்று ஈர்க்குச்சியோடு காத்திருந்தே கிழவியானார்கள்.

மில் வீட்டம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், மாடியில் நின்று தலை உலர்த்தும்போது அவர் மூக்குத்தி களம் வரைக்கும் பளிச்சென்று அடிக்குமாம். அதைப் பற்றிப் பேசாத பெண் கிடையாது. “கொண்டக்கடல அளவு கீதுமே” என்பாள் ஒருத்தி. “கடலயா? எலந்தப்பழம் அளவுமே” என்பாள் இன்னொருத்தி. பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பார்க்காத கல் பேச்சிலேயே வளர்ந்துகொண்டிருந்தது.

நைனாவுக்கும் இந்த வியாதி உண்டு. சோழவரத்தில் கார் பந்தயம் நடக்கும்போதெல்லாம் ஓடுபாதை ஓரம் வைக்கோல் கட்டு அடுக்கக் கூலிக்குப் போவார். வந்ததும் நாலு நாளைக்கு அந்தக் கார்களின் பெருமைதான். “ஒரு சக்கரத்தோட வெலைக்கு நம்ம தெருவையே வாங்கிடலாம்” என்று சந்தோஷமாகச் சொல்வார். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்பேன். “உனக்கு எப்பப் பாரு எரிச்சல்தான்” என்பார்.

கடையில்

எழுபதுகளின் பிற்பகுதியில் கும்மிடிப்பூண்டியில் முள்காட்டை வெட்டி ஷெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். நட்டும் வாஷரும் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. வந்து விழுகிற வாஷர்களின் அகலத்தையும் கனத்தையும் அளந்து, சரியானதை ஒரு பக்கமும் கழிசலை இன்னொரு பக்கமும் போட வேண்டும். கைகளில் எண்ணெய் நாற்றம் போகவே போகாது. அந்தச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் என் கல்யாணத்துக்கு ஒரு வைர மூக்குத்தி வாங்கப் போனேன். பட்டுப் புடவை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், அது ஒன்று போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஊத்துக்கோட்டை பஜாருக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். விற்று முடிக்கும் வரைக்கும் எல்லாக் கடைக்காரர்களும் நல்ல மனிதர்கள்தான்.

வெள்ளைக் காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, இரண்டு கற்களை எடுத்து வைத்தார். ஒன்று நன்றாகப் பெரிதாகத் தெரிந்தது.

“ரெண்டும் ஒரே எடைம்மா” என்றார்.

நான் நம்பவில்லை. அவர் இடுக்கியால் இரண்டையும் பக்கவாட்டில் நிறுத்திக் காட்டினார். சின்னதாகத் தெரிந்த கல், பம்பரம் மாதிரி அடியில் நீளமாக இறங்கியிருந்தது. மற்றது அகல் விளக்கு மாதிரி. வாய் அகலம், ஆழம் குறைவு.

“எடை எல்லாம் வயித்துல பூடுச்சி. நாம பாக்கறது மூஞ்ச மட்டுந்தானே? தங்கத்துல கட்டிட்டா வயிறு யாருக்குத் தெரியப்போவுது?” என்றார்.

எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே அளவு இரும்பில் சின்னதாக, கனமாக ஒரு நட்டும் செய்யலாம், அகலமாக, மெல்லிசாக ஒரு வாஷரும் செய்யலாம். தினமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். ஒரே அச்சில் வெட்டிய இரண்டு கற்களில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு எடை இருந்தாலும், முகத்தின் அகலம் ஏறக்குறைய கால் பங்குதான் கூடுமாம். இரண்டு மடங்கு காசு கொடுத்துவிட்டு, இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேராம். அப்படிப்பட்டவர்களிடம் அவர் இதைச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். சொன்னால் வியாபாரம் ஆகாது.

அகலக் கல்லில் குறை இல்லாமல் இல்லை. அளவாக வெட்டிய கல்லில் விழுகிற வெளிச்சம் உள்ளே சுற்றி மேலேயே திரும்பி வரும். ஆழம் போதாத கல்லில் பாதி வெளிச்சம் அடியில் ஒழுகிவிடும். கிட்டே போய்ப் பார்த்தால் நடுவில் சோகை பிடித்த மாதிரி இருக்கும். விளிம்பு மெல்லிசு, இடித்துக்கொண்டால் சில்லு தெறித்துவிடும். அதனால் விலையும் குறைவு. இதையெல்லாம் அவரே ஒளிக்காமல் சொன்னார்.

“கிட்ட வந்து யாரு சாமி எங்களப் பாக்கறாங்க? எல்லாம் தூர நின்னுதானே பாக்கறாங்க? எனக்கு இதுவே போதும்” என்றேன்.

அகலக் கல்லையே எடுத்துக்கொண்டேன். ஏமாந்து வாங்கவில்லை, தெரிந்தே வாங்கினேன்.

ராசி

அந்தக் கடையில் இன்னொன்றும் நடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வசதியான வீட்டுக்காரர் வந்திருந்தார். அவர் ஒரு ஜோடித் தோட்டுக் கல்லைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டார். காசு கொடுக்கவில்லை. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் சில நாள் வைத்துப் பார்ப்பாராம். வீட்டில் நல்லது நடந்தால் கல் ராசியானது, வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது உடம்புக்கு வந்தாலோ கைகால் அடிபட்டாலோ ஒத்துக்கொள்ளாத கல். திருப்பிக் கொடுத்துவிடலாம். எந்தக் கடைக்காரரும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்வார். வைரம் வாங்குகிற வீடுகளில் இது பரம்பரை வழக்கம்.

“நாங்களும் வெச்சிப் பாத்துட்டுச் சொல்லலாமா?” என்று அம்மா ஆசையாகக் கேட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். “உங்களுக்கெல்லாம் எதும்மா அது? முழுசாக் குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க. ஒண்ணும் ஆவாது” என்றார்.

கெட்ட ராசிகூட எங்களைத் தேடி வராது என்கிற மாதிரி. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது மடல் சுட்டது.

வெற்றிலை மேல் இரண்டு கல்

பின்கட்டுக்குத் திரும்பி வருகிறேன்.

“கழட்டு” என்றார் மில் வீட்டம்மா.

நைனா என்னைப் பார்த்து, கழற்றிவிடு என்று கண்ணால் கெஞ்சினார். திருகைக் கழற்றினேன். எங்கள் தட்டிலிருந்தே ஒரு வெற்றிலையை எடுத்துத் துவைக்கும் கல்லின் மேல் போட்டார். என் மூக்குத்தியை அதில் வைக்கச் சொன்னார். தன்னுடையதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

பல வருஷமாகக் களத்துப் பெண்கள் கொண்டைக்கடலை என்றும் இலந்தைப்பழம் என்றும் பேசிய கல்லை அன்றைக்குத்தான் நான் கிட்டத்தில் பார்த்தேன். துவரம்பருப்பு அளவுதான் இருந்தது. பழைய வெட்டு, பம்பர வயிறு. அதை அடக்குவதற்காகத் தங்கத்தை உயரமாகக் கட்டியிருந்ததால் மூக்கில் முளை அடித்த மாதிரி நிற்கும். என்னுடையது அதன் பக்கத்தில் சப்பையாக, அகலமாகக் கிடந்தது. யார் பார்த்தாலும் பெரிய கல் எது என்று கேட்டால் என்னுடையதைத்தான் காட்டுவார்கள்.

அவர் முகம் கறுத்துவிட்டது. சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு நான் வாயைத் திறந்தேன்.

“என்னுது எடை கம்மிதாம்மா. சப்பக் கல்லு, அதான் பெருசாத் தெரியுது. உங்களுது ஆழமா எறங்கிக் கீது. எடை எடுத்தா உங்களுதுதான் ஜாஸ்தி.”

“அப்ப எனக்கு வாங்கிக் குடுத்தது எல்லாம் உள்ளாற பூந்துக்கினு இருக்குதா?” என்று கேட்டார். “ஊருக்கே சோறு போடற ஊட்டு மருமகளுக்கு இத்தினியூண்டு தெரியுது. மூட்ட தூக்கறவன் பொண்ணுக்குத் தெரு மொனையில இருந்தே மின்னுது.”

நைனா பயந்துபோய், “சின்னப் பொண்ணும்மா, தெரியாம வாங்கிடுச்சி” என்றார். தெரிந்துதான் வாங்கினேன் என்று சொல்ல வந்தேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

மில் வீட்டம்மா என் மூக்குத்தியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

“ஏழுமலை, இது இங்க இருக்கட்டும். சாமி ரூமுல வெச்சி ராசி பாக்கறேன். ஒத்துக்கினா சொல்லி அனுப்பறேன்.”

“அதுக்கின்னாம்மா, தாராளமா வெச்சிப் பாருங்க” என்றார் நைனா.

கல் யாருடையதோ அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகை வைத்த தட்டை அம்மா அந்தத் துவைக்கும் கல்லிலேயே வைத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், ஓட்டை தூர்ந்துவிடும் என்று அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துக்கொண்டு வந்தாள். பாவம், அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. நான் அதை வாங்கி அடுப்பில் போட்டேன்.

லாபக் கணக்கு

சில நாள் கழித்து நைனா மில்லிலிருந்து சிரித்த முகமாக வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே மில் வீட்டம்மாவின் பம்பரக் கல்.

“உன்னுது அவங்களுக்கு நல்லா ஒத்துக்கிச்சாம். பதிலுக்கு இத்த வெச்சிக்கச் சொன்னாங்க. எடை ஒண்ணரைப் பங்கு கீதாம். டப்பு ஜாஸ்திமா. நமக்குத்தான் லாபம்.”

கணக்குப்படி நைனா சொன்னது சரிதான். தராசில் வைத்தால் லாபம்தான். கடைக்குக் கொண்டுபோனால் என் கல்லைவிட நிச்சயம் கூடக் கொடுப்பார்கள். தெருவே வந்து, அதிர்ஷ்டக்காரி என்று சொல்லிவிட்டுப் போனது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. வாஷரோடு வாஷராக நின்று சம்பாதித்து, எனக்கு எது வேண்டும் என்று யோசித்து, நானே பொறுக்கியெடுத்த பொருள் அது. அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு லாபத்தைக் கையில் திணித்தால் நான் கும்பிடு போட வேண்டுமா?

“எனக்கு என்னுது வேணும் நைனா” என்றேன்.

“பேஜாரு பண்ணாத. நாம குந்திக்கினு இருக்கற மண்ணு அவங்களுது. நீ கட்டிக்கினு கும்மிடிப்பூண்டிக்குப் பூடுவ. நானும் உங்கம்மாவும் எங்க போறது?”

நைனாவின் பயம் பொய்ப் பயம் இல்லை. திருப்பிக் கேட்கப் போனால் வேலை போகும், வீடும் போகும். (அப்படியேதான் நடந்தது. மாசக் கடைசிக்குள் மனையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கல்யாணமான கையோடு கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஒற்றை அறையில் நாலு பேர் படுத்தோம். என் வீட்டுக்காரர் லேத் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.)

அதுவரை சுவரோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, முறத்தைக் கீழே வைத்தாள்.

“அது உன்னுதுதானே?”

“ஆமாம்மா.”

“அப்ப போயி வாங்கினு வா. ஊடு போனா போவட்டும்.”

அம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

கூடம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். பின்கட்டுப் பக்கம் போகவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு முன்படி ஏறிக் கூடத்துக்குள் போனேன். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருந்தவள், அந்தக் கூடத்தை அன்றைக்குத்தான் உள்ளே நின்று பார்த்தேன்.

உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நடுவில் மில் வீட்டம்மா. மூக்கில் என் கல். சும்மா சொல்லக் கூடாது, அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

“இன்னாடி, முன்வாசல்ல வந்து நிக்கற?” என்றார்.

“ராசி பாத்தோம்மா” என்றேன். பொட்டலத்தைப் பிரித்து, அவர் எதிரில் இருந்த தாம்பாளத்தில் வைத்தேன். “உங்க கல்லு எங்க ஊட்டுக்கு ஒத்துக்கல.”

அந்த வாக்கியத்தை அவர்கள் கடைக்காரர்களிடம் சொல்வார்கள். அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

வந்திருந்தவர்களில் வயது மூத்த அம்மாள் ஒருவர், “ஏன், இன்னா ஆச்சி?” என்று கேட்டார்.

“அது வந்ததுல இருந்து அம்மாவுக்குக் காய்ச்சல் விடலம்மா. நைனா மூட்டையோட இடறி உழுந்துட்டாரு.”

அம்மாவுக்குக் காய்ச்சலும் இல்லை, நைனா விழவும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் தாம்பாளத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். மற்றவர்களும் நகர்ந்தார்கள். இத்தனை வருஷம் அந்தக் கல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட கண்களெல்லாம் இப்போது அது ஏதோ தேள் என்பதுபோல் பார்த்தன.

“ஒத்துக்காத கல்லுன்னா வெச்சிக்கக் கூடாதும்மா, திருப்பிடணும்” என்றார் அந்த அம்மாள், மில் வீட்டம்மாவைப் பார்த்து. “பதிலுக்கு அவங்களுது ஏதாவது உங்ககிட்ட கீதா?”

“மூக்குல போட்டுக்கினு இருக்கறாங்களே, அதான் என்னுது” என்றேன்.

மில் வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னால் என்ன சொல்வார்? கூலிக்காரப் பெண்ணின் கல் பெரிதாகத் தெரிந்தது, பொறுக்கவில்லை, வாங்கிக்கொண்டேன் என்றா? திருகைக் கழற்றினார். விரல் வழுக்கி வழுக்கிப் போனது. எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வரவில்லை. மூக்குத்தியைத் தாம்பாளத்தின் இந்த ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டேன்.

“ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா. கழுவிட்டுப் போட்டுக்கறேன்” என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கூடத்து மூலையில் பித்தளைக் குடத்தில் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நானே போய் மொண்டுகொண்டேன்.